தண்ணீருக்கு வழி விடாமல் சுவரை மட்டும் உயர்த்தாதீர்கள்

எங்கள் ஊரில் கட்டட அனுமதி தருபவர்களுக்கும், சாலையையும் ஓடையையும் பராமரிக்கும் பொறியாளர்களுக்கும், அந்தக் கோப்புகளில் கடைசிக் கையெழுத்துப் போடுபவர்களுக்கும்,

பேர் போட்டு எழுதவில்லை. எந்த நாற்காலியில் யார் இருக்கிறீர்கள் என்று நாங்கள் தெரிந்துகொள்வதற்குள் மாற்றல் வந்துவிடுகிறது. கோப்பு மட்டும் எங்கேயும் போவதில்லை. இன்று அது யார் மேஜையில் இருக்கிறதோ அவருக்கு இந்த மடல்.

போன வடகிழக்குப் பருவமழையில் சரிந்த தடுப்புச்சுவரை அதே இடத்தில் திரும்பக் கட்டப்போவதாகப் பலகை வைத்திருக்கிறீர்கள். சரிந்தது 4 மீட்டர் சுவர். கட்டப்போவது 6 மீட்டர். உயர்த்தினால் மேலே கொஞ்சம் சமதளம் கிடைக்கும், அதில் வண்டி நிறுத்துமிடம். அது போதாது என்று கீழே ஓடுகிற ஓடையையும் கான்கிரீட் போட்டு மூடி அதன் மேலும் வண்டி நிறுத்தப்போகிறீர்கள். பலகையில் வேலையின் பெயர் இருக்கிறது, மதிப்பீட்டுத் தொகை இருக்கிறது, மலையிலிருந்து வரும் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்பது மட்டும் இல்லை. அலுவலகத்தில் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், அதிலும் இல்லை.

நான் டிப்ளமா சிவில் படித்தவள். நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி பக்கம் சின்ன வீடுகளுக்கு பிளான் வரைந்து, சைட் பார்த்து, பில் எழுதிப் பிழைக்கிறேன். அப்பா கருங்கல் மேஸ்திரி, இந்த மலையில் ரோட்டோரச் சுவர்கள் நிறையக் கட்டியவர். அதனால் எஸ்டிமேட்டில் என்ன எழுதப்படுகிறது, சுவருக்குள் என்ன போகிறது என்று இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். சுவருக்கு நேர் கீழே இருக்கிற வீட்டு வரிசையில் என் சித்தி வீடும் ஒன்று. இதை ஏதோ கட்சிக்காரர்கள் தூண்டிவிட்ட புகார் என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன்.

சுவர் விழுந்த கதையை நீளமாக இழுக்கப் போவதில்லை. ராத்திரியில் விழுந்தது, நாலு வீட்டுக் குளியலறைகளும் ஒரு சமையலறையும் போயின, எல்லோரும் முன்கட்டில் படுத்திருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. சொல்ல வேண்டியது அதற்கு முந்தைய வாரத்தைப் பற்றி. மழை விடாமல் கொட்டிக்கொண்டிருக்கிறது, பின்னால் சேரும் தண்ணீர் வடிவதற்காகச் சுவரில் விட்டிருந்த வீப் ஹோல் துளைகளில் ஒன்றிலிருந்துகூட ஒரு சொட்டு வரவில்லை. மழை நாளில் சுவரின் துளைகள் காய்ந்து கிடந்தால் அது நல்ல செய்தி இல்லை, தண்ணீர் பின்னாலேயே தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். நடுவில் சுவர் லேசாக வயிறு தள்ளியிருந்தது. இதைச் சித்தி வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெரியம்மாகூடக் கவனித்துச் சொன்னார், அவர் எந்த டிப்ளமாவும் படிக்கவில்லை. அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னோம். "மழை விடட்டும்மா, பார்க்கலாம்" என்றார்கள். மழை விடுவதற்குள் சுவர் விழுந்துவிட்டது.

மறுநாள் இடிபாட்டுக்குள் இறங்கிப் பார்த்தேன். வீப் ஹோலுக்காக வைத்த பி.வி.சி. குழாய்த் துண்டுகள் முகப்பில் ஒரு சாண் மட்டும் செருகப்பட்டிருந்தன, சுவரைத் தாண்டிப் பின்பக்கம் வரை அவை போகவே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் துளை, உள்ளே போனால் கல். சுவருக்குப் பின்னால் இருக்க வேண்டிய ஜல்லி வடிகட்டி கிடையாது. தோண்டிய மண்ணையே திரும்பத் தள்ளி, கூடவே காலி சிமெண்ட் பைகளையும் தள்ளியிருக்கிறார்கள். போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், யார் கேட்டாலும் தருகிறேன். செய்த வேலையை அளந்து எழுதி பில் போடுகிற அந்த அளவுப் புத்தகத்தில் ஜல்லிக்குப் பணம் எழுதியிருக்கிறதா என்று நீங்களே எடுத்துப் பாருங்கள். என் அப்பா ஒரு முழம் அகலத்துக்குக் கையால் ஜல்லி அடுக்காமல் பின்பக்கம் மண் தள்ள விடமாட்டார், அதற்காக ஒப்பந்தக்காரர்களிடம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை.

இப்போது உயரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்குப் பெரிய பயமே அங்கேதான். ஒரு சுவருக்குப் பின்னால் தண்ணீர் முழு உயரத்துக்கும் தேங்கி நின்றால், 4 மீட்டர் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தண்ணீர் மட்டும் தள்ளுகிற விசை சுமார் 8 டன். மண்ணின் பாரம் தனி. அதே சுவர் 6 மீட்டரானால் அது 18 டன். உயரத்தை ஒன்றரை மடங்காக்கினால் தள்ளுவிசை இரண்டேகால் மடங்காகிறது. இது பாலிடெக்னிக் இரண்டாம் வருடத்துக் கணக்கு, உங்கள் இளநிலைப் பொறியாளருக்கும் தெரியும். அவரிடம் கேட்டேன். "மேடம், இது ஸ்டாண்டர்ட் டிசைன், கம்பி கூடப் போட்டிருக்கோம்" என்றார். நல்ல மனிதர்தான், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் கம்பியை எவ்வளவு கூட்டினாலும் பின்னால் நிற்கிற தண்ணீர் வடியப் போவதில்லை. மேலே வண்டிகள் வேறு நிற்கப்போகின்றன, அந்தப் பாரமும் சேர்ந்துகொள்ளும். போன சுவர் குளியலறை, சமையலறையோடு நின்றது. 6 மீட்டர் சுவர் போனால் எது வரைக்கும் வரும் என்று கீழே நின்று ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள்.

தண்ணீர் அங்கே ஏன் தேங்கியது? மழையால் என்று அறிக்கையில் எழுதிவிட்டீர்கள். மழைதான், சரி. ஆனால் அந்தச் சரிவில் விழுகிற மழை மட்டும் அங்கே வருவதில்லை. மேல் ரோட்டில் வரிசையாகக் காட்டேஜ்கள் வந்துவிட்டன. முன்பு அங்கே தேயிலையும் கொஞ்சம் சீகை மரமும் இருந்தன. இப்போது கூரைத் தண்ணீர் எல்லாம் ஒரே குழாயில் சேர்ந்து சரிவில் ஒரே இடத்தில் கொட்டுகிறது. 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு நாளைக்கு 200 மில்லிமீட்டர் பெய்தால் 20,000 லிட்டர், இரண்டு பெரிய லாரித் தண்ணீர். ஒரே ஒரு கூரைக்கு இவ்வளவு. அதன் கூட அந்த விடுதிகளின் உறிஞ்சுகுழிகள். சமவெளியில் உறிஞ்சுகுழியில் விடுகிற தண்ணீர் பூமிக்குள் இறங்கிவிடும், மலைச்சரிவில் விட்டால் அது கீழ்வீட்டுக்காரனின் பின்சுவரை நோக்கித்தான் நடக்கும். வருஷம் முழுக்க, வெயில் காலத்திலும், சரிவு உள்ளுக்குள் ஈரமாகவே இருக்கிறது. மேல் ரோட்டின் பக்கக் கால்வாயோ பாட்டிலும் மண்ணும் அடைத்து, தண்ணீர் ரோட்டைக் குறுக்கே தாண்டி எங்கள் பக்கம் விழுகிறது. அந்தக் கால்வாயைத் தூர்வாரி எவ்வளவு நாளாகிறது என்று உங்கள் பதிவேட்டைத்தான் கேட்க வேண்டும்.

நம் மண்ணின் குணம் உங்களுக்குத் தெரியாததல்ல. கீழே சார்னோகைட் என்கிற கடினமான பாறை, அதன் மேல் ஆழமாக மக்கிய செம்மண். காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் அப்படியே நிற்கும், அதைப் பார்த்துத்தான் ஜே.சி.பி. ஓட்டுகிறவருக்கும் இடம் வாங்கியவருக்கும் தைரியம் வருகிறது. பஞ்சு மாதிரி நாள் கணக்கில் தண்ணீரைக் குடித்துவிட்டு, பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில் தண்ணீர் அழுத்தம் ஏறியதும், ஒரு கனத்த மழையில் மொத்தமாக வழுக்கிக்கொண்டு வரும். மழை விட்டு வெயில் அடித்த பிறகு விழுந்த சரிவுகளையும் பார்த்திருக்கிறோம்.

அப்புறம் மழையே மாறிவிட்டது. இதை உங்கள் கூட்டங்களில் "காலநிலை மாற்றம்" என்று பேனரில் போடுகிறீர்கள், எஸ்டிமேட்டில் போடுவதில்லை. 2009 நவம்பர் 10-ஆம் தேதி கேத்தியில் 24 மணி நேரத்தில் 820 மில்லிமீட்டர் கொட்டியது. மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், மண்சரிவு விழுந்த அச்சனக்கல் பெயரைச் சொன்னால் இன்றும் எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும். அப்போது எல்லோரும் இது நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வருவது என்றார்கள். பத்தே வருஷத்தில், 2019 ஆகஸ்டில், அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 911 மில்லிமீட்டர். அது தென்மேற்குப் பருவமழையில், மேற்குப் பக்கத்தில். கேத்தி, குன்னூர், கோத்தகிரி வடகிழக்கில் நனைகிற கிழக்குப் பக்கம். இரண்டு பருவத்திலும், மலையின் இரண்டு பக்கத்திலும் பெரிய மழை வரும் என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது, கூடின நீராவி ஒரு நாள் கீழே வந்துதான் ஆக வேண்டும். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் வெயில் 29 டிகிரியைத் தொட்டது, அங்கே பதிவான மிக அதிக வெப்பங்களில் அதுவும் ஒன்று. கம்பளிக் கடைக்குப் பக்கத்தில் இப்போது மின்விசிறி விற்கிறார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு, புதிய சுவருக்குக் கீழே போடப்போகிற சிறுபாலத்துக்கு நீங்கள் எழுதியிருப்பது பழைய அளவு ஹ்யூம் பைப், அதாவது கான்கிரீட் குழாய். எந்த மழைக்குக் கணக்குப் பண்ணினீர்கள் என்று கேட்டால், "ஏற்கெனவே இருந்த சைஸ்தான் போடுறோம்" என்கிறார்கள். ஏற்கெனவே இருந்தது எந்தக் காலத்து மழைக்கு, மேலே எத்தனை கூரை இருந்தபோது போட்டது?

ஓடையை மூடுவது இதைவிட மோசம். திறந்த ஓடையில் ஒரு கற்பூர மரக்கிளையோ மெத்தையோ சிக்கினால் கண்ணுக்குத் தெரியும், தெருப் பையன்கள் இறங்கி இழுத்துப் போட்டுவிடுவார்கள், இத்தனை வருஷமும் அப்படித்தான் நடந்தது. மூடிய ஓடைக்குள் என்ன சிக்கியது என்று தெரியவே போவதில்லை, தண்ணீர் பின்வாங்கி வீட்டுக்குள் ஏறும்போதுதான் தெரியும். உள்ளே இறங்கிச் சுத்தம் செய்ய யாரை அனுப்புவீர்கள் என்று நான் கேட்கவே வேண்டாம். தண்ணீர் தன் பழைய இடத்தை மறப்பதில்லை என்பதற்கு ஊட்டியே சாட்சி: பேருந்து நிலையமும் ரேஸ் கோர்ஸும் இருக்கிற தாழ்வான பகுதி ஒரு காலத்தில் ஏரி பரந்து கிடந்த இடம், பெருமழை வந்தால் தண்ணீர் நேராக அங்கேதான் போய் நிற்கிறது.

யாருக்காக இந்த வண்டி நிறுத்துமிடம் என்பதையும் பேசிவிடலாம். மலைக்கு வருகிற வண்டிகளைக் கட்டுப்படுத்தச் சொல்லி உயர் நீதிமன்றம் 2024 மே மாதத்தில் இ-பாஸ் கொண்டுவந்தது, 2025 ஏப்ரலில் இருந்து சீசனுக்கு நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000, வாரக் கடைசியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தது. வண்டியைக் குறை என்று நீதிமன்றம் சொல்கிறது, நீங்களோ ஓடையின் தலையில் வண்டிக்கு இடம் தேடுகிறீர்கள். சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எனக்கு வருகிற பிளான் வேலையில் பாதி அதை நம்பித்தான் வருகிறது. ஆனால் ஊருக்கு வெளியே சமதளத்தில் வண்டியை நிறுத்திவிட்டு சின்னப் பேருந்தில் கூட்டி வர முடியாதா என்ன?

இனி மிகவும் வலித்த விஷயம். சுவர் விழுந்த பிறகு மேலே இருக்கிற காட்டேஜ்களுக்கு ஒரு கடிதம் போகவில்லை. கீழே இருக்கிற வீடுகளின் கதவில் நோட்டீஸ் ஒட்டினீர்கள், ஆபத்தான இடத்தில் குடியிருக்கிறீர்கள், காலி செய்யுங்கள் என்று. அந்த வரிசையில் இருப்பவர்களில் பாதிப்பேர் 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டிலிருந்து வந்து, கிடைத்த சரிவில் தகரம் போட்டு, அப்புறம் ஹாலோ பிளாக் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டவர்கள். வீட்டு வரி கட்டுகிறார்கள், மின் இணைப்பு இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. பட்டா கேட்கும்போது மட்டும் ஆக்கிரமிப்பு. ஆபத்து இருப்பது உண்மைதான். அந்த ஆபத்தை மேலிருந்து கீழே அனுப்பியவர்களுக்கும் நோட்டீஸ் உண்டா இல்லையா? "எங்க போகச் சொல்றீங்க, ஒரு இடத்தக் காட்டுங்க, நாளைக்கே போறேன்" என்றார் சித்தி நோட்டீஸ் ஒட்ட வந்தவரிடம். அவர் என்ன செய்வார் பாவம், பசைச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனார்.

விதி இல்லாமல் நடக்கிறதா என்றால் அதுவும் இல்லை. மலையிடங்களைக் காப்பதற்கென்றே 1990-இல் அமைத்த ஆணையம் இருக்கிறது. 1993-இல் வந்த மலையிடக் கட்டட விதிகள் 7 மீட்டருக்கு மேல் கட்டாதே என்றன. அதை எப்படி மீறுகிறார்கள் என்று பிளான் வரைகிற எனக்கு நன்றாகவே தெரியும்: ரோட்டிலிருந்து பார்த்தால் 7 மீட்டர், பள்ளத்துப் பக்கம் போய் நின்று பார்த்தால் சரிவைக் குடைந்து இன்னும் இரண்டு தளம். அப்படி வரைந்து தரச் சொல்லி வந்தவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அவர்கள் வேறு எங்கோ வரைந்து, உங்கள் முத்திரையோடு கட்டியும் முடித்துவிட்டார்கள். மலைப்பகுதித் தடுப்புச்சுவருக்கு ஐ.எஸ். 14458 என்ற வழிகாட்டி இருக்கிறது. மலைச்சாலைக்கு இந்திய சாலைப் பேரவையின் கையேடு இருக்கிறது, மேல்சரிவில் தண்ணீரை முதலிலேயே பிடித்துத் திருப்பிவிடுகிற கால்வாயைப் பற்றி அதில் எழுதியிருக்கிறது. மாவட்டத்தில் ஆபத்தான இடங்கள் என்று 283 இடங்களின் பட்டியல் ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் செய்தித்தாளில் வருகிறது, மண்டலக் குழு, மணல் மூட்டை, தயார் நிலை என்று போட்டோவோடு. அந்த இடங்களில் போன வருஷம் எத்தனை கால்வாய் வெட்டினீர்கள் என்று எந்தச் செய்தியிலும் வருவதில்லை.

2024 ஜூலை 30-இல் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் போனபோது, நம் பந்தலூரிலிருந்து அது எவ்வளவு பக்கம் என்று எல்லோரும் வரைபடத்தை விரித்துப் பார்த்தோம். ஆய்வு, கூட்டம், எச்சரிக்கை எல்லாம் வந்தன. அப்புறம் சீசன் வந்தது.

செய்தால் முடியும் என்பதற்கும் இங்கேயே உதாரணம் இருக்கிறது. ஊட்டி–கோத்தகிரி சாலையில் கோடப்பமந்து பக்கம் சரிவைக் கான்கிரீட்டால் அடைக்காமல், உள்ளே கம்பிகளை ஆணியாக இறக்கி, வலை போர்த்தி, அதன் மேல் புல் விதை தெளித்து வளர்த்தார்கள். போகும்போதெல்லாம் நின்று பார்ப்பேன். எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது, செலவும் அதிகம், மேலே தண்ணீரைத் திருப்பாமல் அதைச் செய்தாலும் பலன் இருக்காது. ஆனால் இடிந்தால் சுவர், திரும்ப இடிந்தால் இன்னும் உயரமான சுவர் என்பதைத் தவிர வேறு வழியும் யோசிக்க முடியும் என்று உங்கள் சக துறைக்காரர்களே காட்டியிருக்கிறார்கள்.

பழைய ஆட்கள் செய்ததெல்லாம் பொன் என்று சொல்ல மாட்டேன். லயன் வீட்டுத் தகரத்துக்குக் கீழே உறைபனி மாதத்தில் படுத்தவர்கள் யாரும் அதைப் பெருமையாகப் பேச மாட்டார்கள். ஆனால் ஹட்டி என்கிற படகர் ஊர்களைப் பாருங்கள், தண்ணீர் இறங்குகிற பள்ளத்தை விட்டுவிட்டு மேட்டின் தோளில் வரிசையாக வீடுகள், முன்னால் வெறும் புல்தரை. பள்ளத்தில் இருந்த சதுப்பை யாரும் தொடவில்லை. மழைக்காலத்தில் அது தண்ணீரைப் பிடித்து வைத்து வெயில் காலத்தில் ஊற்றாக விட்டது. அந்தச் சதுப்புகளை மண் கொட்டி மேடாக்கி மனை போட்டது நம் காலத்தில்தான். விளைவு, நவம்பரில் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது, ஏப்ரலில் குடத்தோடு லாரிக்கு நிற்கிறோம். கால்வாய் வெட்டித் தண்ணீரை வேகமாகக் கீழே தள்ளிவிட்டால் போதும் என்று நான் கேட்கவில்லை என்பது இதிலிருந்து புரியும். கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்க வேண்டும், மிஞ்சுவதை சரிவில் கொட்டாமல் குழாயிலேயே ஓடை வரை கொண்டுபோக வேண்டும், சதுப்பில் மிச்சமிருப்பதைத் தொடாமல் விட வேண்டும்.

இன்னொன்று, வேலை செய்கிறவர்களைப் பற்றி. 2024 பிப்ரவரியில் லவ்டேலில் தடுப்புச்சுவருக்குப் பள்ளம் எடுக்கும்போது மேலே இருந்த பழைய கட்டடம் சரிந்து 6 பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். சித்தாள் வேலைக்குப் போன பெண்கள். எங்கள் சுவருக்கும் 6 மீட்டர் செங்குத்தாக வெட்டப்போகிறீர்கள், மேலே ரோடு, கீழே வீடு. வெட்டுகிற சரிவுக்கு எப்படி முட்டுக் கொடுப்பீர்கள் என்று எஸ்டிமேட்டில் ஒரு வரி இல்லை. அந்த வேலைக்கு வரப்போவது எங்கள் தெருப் பெண்கள்தான்.

எங்கள் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன்.

சுவர் டெண்டரை இப்போதே நிறுத்தி வையுங்கள். ரத்து செய்யச் சொல்லவில்லை. ஒரு நிலவியலாளரையும் மண் பொறியாளரையும் கூட்டி வந்து, மேல் ரோட்டிலிருந்து ஓடை வரை முழுச் சரிவையும் நடந்து பார்க்கச் சொல்லுங்கள், நடக்கும்போது எங்களில் இரண்டு பேரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள். மழையில் எந்த இடத்தில் ஊற்று கிளம்புகிறது என்று வெயில் நாளில் வருகிறவருக்குத் தெரியாது, கீழே குடியிருப்பவர்களுக்குத் தெரியும்.

சுவருக்கு முன்னால் தண்ணீர் வேலையை முடியுங்கள். மேல் ரோட்டுப் பக்கக் கால்வாயைத் தூர்வாருவது, சரிவின் தலையில் தண்ணீரைப் பிடித்துத் திருப்புகிற கால்வாய், சிறுபாலத்தின் அளவை 2009-இலும் 2019-இலும் நாம் கண்ட மழையை வைத்துத் திரும்பக் கணக்கிடுவது, இந்த மூன்றும் இந்த வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் முடிய வேண்டும். முதல் இரண்டுக்குப் பெரிய பணம் தேவையில்லை, ஆள் அனுப்பினால் போதும்.

சுவர் கட்டித்தான் ஆக வேண்டும் என்று ஆய்வு சொன்னால் கட்டுங்கள், 4 மீட்டருக்கு மேல் ஒரே சுவராக வேண்டாம், படிப்படியாகப் பிரித்துக் கட்டுங்கள். பின்பக்க ஜல்லியும் வீப் ஹோல் குழாயும் போட்ட பிறகு, மண் தள்ளுவதற்கு முன்னால், போட்டோ எடுத்து அளவுப் புத்தகத்தோடு இணைக்க வேண்டும், அந்தப் போட்டோ இல்லாமல் பில் பாஸ் ஆகக்கூடாது. மேலே வண்டி நிறுத்துமிடம் கூடவே கூடாது.

ஓடையை மூடும் திட்டத்தை முழுசாகக் கைவிடுங்கள். இதில் பாதி வழிக்கு வர எங்களுக்கு மனமில்லை.

மேலே இருக்கிற ஒவ்வொரு கட்டடத்தையும் அனுமதி பெற்ற வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, பள்ளத்துப் பக்கம் எத்தனை தளம், கூரைத் தண்ணீர் எங்கே போகிறது, உறிஞ்சுகுழி எங்கே இருக்கிறது என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். சரிவில் தண்ணீர் விடுபவருக்கு நோட்டீஸ் கொடுங்கள், கீழ்வீடுகளுக்கு ஒட்டிய அதே வேகத்தில்.

கீழ் வரிசையில் யாரையாவது இடம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பிள்ளைகளின் பள்ளிக்கும் வேலைக்கும் நடந்து போகிற தூரத்தில், பட்டாவோடு, சரிவு இல்லாத இடத்தைக் காட்டிவிட்டு அப்புறம் காலி செய்யச் சொல்லுங்கள். மலையை விட்டு இறங்கி மேட்டுப்பாளையத்தில் வீடு தருகிறோம் என்பதை நாங்கள் மாற்று இடமாக எடுத்துக்கொள்ள மாட்டோம். அதுவரை மழை எச்சரிக்கை வரும் இரவுகளில் தங்க, கழிப்பறையும் தண்ணீரும் உள்ள ஒரு கூடத்தின் சாவி எங்கள் தெருவிலேயே யாரிடமாவது இருக்க வேண்டும். போன தடவை சமுதாயக் கூடத்துச் சாவியைத் தேடி ராத்திரி மழையில் வாட்ச்மேன் வீடு வரைக்கும் நடந்தோம்.

சுவரின் வடிவமைப்புக் கணக்கு, மண் பரிசோதனை அறிக்கை, சிறுபாலத்தின் மழைக் கணக்கு மூன்றின் நகலையும் தமிழில் சுருக்கத்தோடு வேலை நடக்கும் இடத்திலேயே ஒட்டுங்கள். கணக்கே இன்னும் போடவில்லை என்றால் அதையும் எழுதி ஒட்டுங்கள். பதிலை எழுத்தில் கொடுங்கள், டெண்டர் திறக்கும் தேதிக்கு முன்னால். அந்தத் தேதி வரை பதில் வரவில்லையென்றால் சுவர் இருந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் வந்து உட்காருவோம், ஜே.சி.பி. இறங்க விட மாட்டோம்.

இப்படிக்கு,
சுவருக்குக் கீழே குடியிருப்பவர்கள் சார்பாக,
அதே ஊரில் பிளான் வரைகிற ஒருத்தி